யாரும் சாகாத புஸ்தகம்

“இன்னா பவுலு, இன்னிக்கி யாரு பூட்டாங்க?”

வடிவேலு இப்படிக் கேட்டால் தெருவில் எழவு என்று அர்த்தமில்லை. பவுல்சாமி கடைசியாகப் படித்த நாவலில் யார் செத்தார்கள் என்று கேட்கிறான். இருவரும் கால்வாயில் வந்து நின்ற தோணியிலிருந்து சவுக்குக் கட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தோளில் கட்டை இருக்கும்போது பேசினால் மூச்சு வாங்கும். ஆனாலும் வடிவேலுவுக்குக் கேட்காமல் இருக்க முடியாது.

“ஜமீன்தாரோட ரெண்டாவது சம்சாரம்.”

“எப்டி?”

“கெணத்துல.”

“போன தபாவும் கெணறுதான சொன்னே? இவனுங்க ஊர்ல கெணத்துக்கு மூடி போடவே மாட்டானுங்களா நைனா?”

பவுல்சாமி கட்டையைக் கீழே தள்ளிவிட்டு யோசித்துப் பார்த்தான். கேட்டது நியாயமாகத்தான் பட்டது. இந்த வருஷம் அவன் படித்த கதைகளில் கிணற்றில் விழுந்தவர்கள்தான் அதிகம். அடுத்தது தூக்கு. அதற்கும் அடுத்தது ஜுரம். சமுத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறவர்கள், ஒருத்தரைக்கூட அலையில் விட்டதாக எழுதவில்லை.

அது யுத்த காலம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரைக் காலி செய்த குடும்பங்கள் திரும்பி வந்து, மயிலாப்பூரில் மறுபடியும் அடுப்புகள் புகைந்தன. வலியுல்லா சாயபுவின் விறகுத் தொட்டியில் விறகு வாங்க எந்நேரமும் ஆள் நின்றது. பவுல்சாமி அங்கே கட்டை பிளக்கிறவன். காலையில் கோடாலி, வெயில் சாய்ந்தால் வண்டி. வடிவேலு முன்னால் இழுக்க, அவன் பின்னால் தள்ள, லஸ், ஆழ்வார்பேட்டை, அபிராமபுரம் என்று வீடு வீடாக விறகு போகும்.

நாவலும் அந்த வண்டியில்தான் போயிற்று. கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், தன் வீட்டு முன்னறையில் ஸ்ரீனிவாசராகவன் என்பவர் வாடகைக்குப் புஸ்தகம் விடும் லைப்ரரி வைத்திருந்தார். வீடுகளுக்குப் புஸ்தகம் கொண்டுபோய்க் கொடுத்த ஆள் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். விறகு போகிற வீட்டுக்குத்தானே புஸ்தகமும் போகவேண்டும் என்று அவர் பவுல்சாமியைக் கூப்பிட்டுக் கேட்டார். கூலி என்ன என்றதற்கு, ஒவ்வொரு புஸ்தகமாக எடுத்துப்போய்ப் படித்துவிட்டுத் தருகிறேன் என்றான். அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். காசு கேட்காத ஆளை யார் வேண்டாம் என்பார்கள்?

பவுல்சாமிக்கு எழுத்து வந்தது நாற்பது தாண்டி. அவனுக்கும் அல்போன்சாவுக்கும் மர்சலின் என்று ஒரே பெண். ஆறு வயதில் ஜுரம் கண்டு போய்விட்டது. கல்லறையில் மரச் சிலுவை நட்டு, அதில் பெயர் எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த கல்லறைத் திருநாளன்று பூவும் மெழுகுவத்தியுமாகப் போய் நின்றால், அந்த வரிசை முழுக்கச் சின்னச் சின்னச் சிலுவைகள். ஜுரம் அந்த வருஷம் அப்படி. எது தன் பெண்ணுடையது என்று தெரியாமல், பக்கத்தில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த ஒரு ஆளைக் கூப்பிட்டுப் படித்துச் சொல்லச் சொன்னான். மறு வாரம் மாதா கோயில் பக்கத்து இரவுப் பாடசாலையில் போய் உட்கார்ந்தான். மீசை நரைத்த ஆள் ‘அ’ போடுவதைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். கொஞ்ச நாளில் அவர்களுக்கே அலுத்துவிட்டது.

கோடாலி பிடித்த கையானதால் எழுத்து பெரிசு பெரிசாக, கோணலாக வந்தது. படிப்பும் அப்படித்தான். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாய்விட்டுச் சொன்னால்தான் அவனுக்கு விளங்கும். நன்றாகப் படித்தவர்களுக்குக் கண் முன்னால் ஓடி, மேடு பள்ளம் பார்த்துக்கொண்டு வந்துவிடும். அவனுக்கு வாய்தான் முந்தி. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரியும்.

முதல் நாவலிலேயே அதனால் வினை வந்தது. அதை அல்போன்சாவுக்கு வாசித்துக் காட்டினான். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்பாள். “அந்தக் கெய்வி கெட்டவ”, “அவன நம்பாத” என்று கதைக்குள் இருப்பவர்களுக்கு நடுநடுவே புத்தி சொல்லுவாள். பாதிக் கதையில் அந்த வீட்டுக் குழந்தைக்கு ஜுரம் வந்தது. அடுத்த வரியில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவனாக இருந்தால் நிறுத்தியிருப்பான். குழந்தை இறந்துவிட்டது என்று அவனே தன் வாயால், ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, அவளுக்குச் சொன்னான்.

அல்போன்சா அழவில்லை. கீரை முறத்தைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனாள். அன்று ராத்திரி கஞ்சி குடிக்கவில்லை. மறுநாள்தான் பேசினாள்.

“இனிமே எனக்குக் கதை படிக்கணும்னா நீ மொதல்ல முச்சூடும் படிச்சிட்டு வா. யாரு சாவுறாங்கன்னு முன்னாடியே சொல்லு. கேக்கறதா வாணாமான்னு நான் பாத்துக்கறேன்.”

பவுல்சாமி அன்றிலிருந்து அப்படியே செய்தான். ஒரு நாவலை முதலில் தனியாகப் படிப்பான். பிறகு அவளிடம் சொல்லுவான். அவள் சரி என்றால் மறுபடி முதலிலிருந்து வாசிப்பான். பெரும்பாலும் அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள்.

அவளுக்குச் சொன்ன மாதிரி மற்றவர்களுக்கும் சொன்னால் என்ன என்று அவனுக்குத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. தொட்டியில் அவன் பழகியதே அதுதான். தோணியில் ஈரக் கட்டை கலந்து வரும். அதைத் தனியாக அடுக்கி, வெட்டுவாயில் கரியால் ஒரு வட்டம் போட்டு வைக்கவேண்டும். வாங்க வருகிறவர்களிடம் சாயபு முதல் வார்த்தையாக அதைத்தான் சொல்லுவார். “அம்மா, இது ஈரம். புகையும். வேணும்னா எடுத்துக்குங்கோ, அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.”

லைப்ரரிப் புஸ்தகங்களில் கடைசிப் பக்கத்தில், ‘முற்றும்’ என்பதற்குக் கீழே, வாசகர்கள் ஏதாவது எழுதி வைப்பது வழக்கம். ‘பேஷ்’ என்று ஒருவர். ‘சுமார்’ என்று அதற்குக் கீழே ஒருவர். ‘உமக்கென்ன தெரியும்’ என்று மூன்றாமவர். கதை முடிந்த பிறகு சொல்லி என்ன பிரயோஜனம் என்று பவுல்சாமிக்குப் புரியவில்லை. வீடெல்லாம் புகைந்த பிறகு விறகு ஈரம் என்று சொல்லுவார்களா? அவன் தொட்டியில் கிடந்த பென்சில் துண்டை எடுத்து, முதல் பக்கத்தில் எழுதினான்.

ஜமீன் கதைக்கு இப்படி எழுதினான்: ‘இரண்டாம் சம்சாரம் கிணற்றில் விழுந்து சாகிறாள். அது வரைக்கும் நன்றாக இருக்கிறது. ஜமீன்தார் அடிக்கடி தூக்குப் போட்டுக்கொள்ளப் போய்த் திரும்பி வருகிறார். அவருக்கு வேலை எதுவும் இல்லை.’

ராஜா கதைக்கு: ‘சண்டையில் நிறையப் பேர் சாகிறார்கள். யாரும் நமக்குத் தெரிந்தவர்கள் இல்லை. குதிரை சாகவில்லை. நல்ல குதிரை.’

மில் தொழிலாளி கதைக்கு: ‘இவனைக் கடைசியில் சுட்டுவிடுகிறார்கள். ரொம்ப நன்றாகப் பேசுகிறான். மத்தியானம் என்ன சாப்பிட்டான் என்று எங்கேயும் எழுதவில்லை.’

பொறுமையான மருமகள் ஒருத்தியின் கதைக்கு: ‘யாரும் சாகவில்லை. மாமியார் மனசு மாறுகிறாள். மருமகள் ஒரு தடவையாவது கோபப்பட்டிருந்தால் பாதிப் புஸ்தகத்திலேயே மாறியிருப்பாள்.’

நாவல்களைப் பற்றிப் பொதுவாக அவனுக்கு ஒரு குறை உண்டு. எல்லாக் கதையிலும் அடுப்பு எரிகிறது, காப்பி வருகிறது, கல்யாணத்துக்கு ஊர் கூடிச் சாப்பிடுகிறது. விறகு எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி கிடையாது. இதை அவன் வடிவேலுவிடம் சொன்னபோது, “உன்ன மாதிரி ஆள பத்தி எய்தினா எவன் படிப்பான், நீயே படிக்க மாட்டே” என்றான். அதுவும் நிஜம்தான்.

அபிராமபுரத்தில் ஒரு வீடு. கொல்லைப் பக்கமாகப் போய் விறகை அடுக்கவேண்டும். புஸ்தகத்தைக் கையில் கொடுக்கிற வழக்கம் இல்லை. துவைக்கிற கல்லின் மேல் வைத்துவிட்டு நகர்ந்து நிற்பான். விசாலாக்ஷி என்கிற அம்மாள் வந்து எடுத்துக்கொள்ளுவாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். சின்ன வயதிலேயே புருஷன் போய், அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள். லைப்ரரியில் கணக்கு அண்ணன் பேரில். படிக்கிறவள் அவள். அண்ணன் பெண்ணின் பால பாடத்தை வைத்துக்கொண்டு தானாக எழுத்துக் கற்றுக்கொண்டாள் என்று சமையல்காரர் ஒரு நாள் சொன்னார்.

ஒரு சாயங்காலம் அவள் புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போகாமல் நின்றாள்.

“ஏம்பா, லைப்ரரிக்காரர்கிட்ட ஒண்ணு சொல்றியா? யாரும் சாகாத புஸ்தகமா இருந்தா எனக்குக் குடுக்கச் சொல்லு.”

“சொல்றம்மா.”

“முன்பக்கத்துல யாரோ எழுதி வைக்கறாளே, அதைப் பாத்துதான் நான் படிக்கறது. புண்ணியவான் யாரோ. படிச்சுட்டு ராத்திரியெல்லாம் முழிச்சுண்டு கெடக்க வேண்டாம் பாரு.” கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: “ஆனா எல்லாம் தெரிஞ்சவர்னு சொல்ல மாட்டேன். அந்த மருமகள் கோவிச்சுக்கவே இல்லைன்னு எழுதியிருக்காரே, அது தப்பு.”

பவுல்சாமி கட்டை அடுக்குவதை நிறுத்தினான். “எப்டிம்மா தப்பு? அந்தப் பொண்ணு ஒரு வார்த்த எதிர்த்துப் பேசலியே.”

“பேசினாத்தான் கோவமா? அரிசி பொடைச்சுண்டு இருக்கா. மாமியார் ஒண்ணு சொல்றா. இவ பாதியில முறத்தைக் கீழ வெச்சுட்டு எழுந்து போறா. அதுக்கு மேல ஒரு பொம்மனாட்டி எப்படிக் கோவிச்சுக்கறது?” என்று சொல்லிவிட்டு, அவன் அந்தக் கதையைப் படித்திருக்கிறான் என்பது அப்போதுதான் உறைத்தவள் போல அவனை ஒரு முறை பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

திரும்பும்போது வடிவேலு சினிமாப் பாட்டு பாடிக்கொண்டே காலி வண்டியை இழுத்தான். பவுல்சாமி பின்னாலிருந்து தள்ளினான். அல்போன்சா அன்றைக்குக் கீரை முறத்தை வைத்துவிட்டு எழுந்து போனதைத் துக்கம் என்று மட்டும்தான் அவன் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தான்.

விசாலாக்ஷி சொன்னதை அவன் ஸ்ரீனிவாசராகவனிடம் சொன்னான். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. வாங்கிக்கொண்டார் என்பது ஒரு வாரம் கழித்துத் தெரிந்தது.

அன்று லைப்ரரி வாசலில் ராஜகோபாலன் என்கிற கோர்ட் குமாஸ்தா சத்தம் போட்டுவிட்டு அப்போதுதான் படியிறங்கிக்கொண்டிருந்தார். பென்ஷன் வாங்கிக்கொண்டு ஆழ்வார்பேட்டையில் உட்கார்ந்திருக்கிற மனுஷர். துப்பறியும் நாவல் தவிர வேறெதையும் தொடமாட்டார். உள்ளே மேஜை மேல் புஸ்தகங்கள் குவிந்து கிடந்தன.

“வா பவுல்சாமி, இதைக் கேளு,” என்று ஸ்ரீனிவாசராகவன் ஒரு புஸ்தகத்தைப் பிரித்தார். “‘கொலை செய்தது மைத்துனன். ரத்தம் அதிகம் இல்லை. பயப்படாமல் படிக்கலாம்.’ முதல் பக்கத்துலேயே எழுதியிருக்கு! அந்த மனுஷர் கொலைகாரனைத் தானே கண்டுபிடிக்கணும்னு வெத்தலைப் பெட்டியைப் பக்கத்துல வெச்சுண்டு உக்காந்திருக்கார். பயப்படாம படிக்கறதுக்கு எதுக்கையா துப்பறியும் நாவல்? பஞ்சாங்கம் படிக்கலாமே!”

அவர் ஒரு ரப்பர் துண்டை அவன் பக்கம் தள்ளினார்.

“இது அத்தனையிலும் அந்த முன்பக்கத்து எழுத்தை அழிச்சுடு. தாள் கிழியாம அழிக்கணும். யுத்தக் காகிதம், தொட்டாலே பிஞ்சுடும்.”

அவன் கீழே உட்கார்ந்து அழிக்க ஆரம்பித்தான். ஜமீன்தார் போனார். மில் தொழிலாளி போனான். நல்ல குதிரை போயிற்று. கட்டையில் நீட்டிக்கொண்டிருக்கிற கிளையை வெட்டுவது போலத்தான் இருந்தது, பெரிய வருத்தம் என்று சொல்ல முடியாது. எழுதியது தான்தான் என்று சொல்லாமலே காரியம் முடிந்துவிடும் போல இருந்தது. பவுல்சாமி எழுத்துக் கூட்டிப் படிப்பான் என்று அவருக்குத் தெரியும். எழுதுவான் என்று தோன்றியதே இல்லை.

“ஆளு யாருன்னு கண்டுபிடிச்சாச்சு,” என்றார் அவர், தானே துப்பறியும் கதையில் வருகிறவர் மாதிரி. “கோணல் எழுத்து. புதுசா எழுதக் கத்துண்ட கை. யாரும் சாகாத புஸ்தகம் வேணும்னு உன்கிட்டச் சொல்லி அனுப்பினாளே, அபிராமபுரத்துல, அவதான். சாவு எங்க வரதுன்னு பாத்துண்டே இருக்கறவ வேற யாரு? நாளைக்கு அவ அண்ணாவைப் பாத்து எல்லாத்தையும் சொல்லிக் கணக்கை முடிச்சுடப் போறேன். நீ இனிமே அந்த ஆத்துக்குப் புஸ்தகம் கொண்டுபோகாதே.”

பவுல்சாமியின் கை நின்றது. கணக்கை முடித்தால் போகட்டும். அண்ணனிடம் சொன்னால்? லைப்ரரிக்காரன் வாசலில் வந்து நின்று உன் தங்கை புஸ்தகத்தில் கிறுக்குகிறாள் என்று சொன்ன பிறகு, அந்த வீட்டில் அவள் கையில் பால பாடம்கூட மிஞ்சாது. வாயைத் திறந்தால் தனக்குக் கிடைக்கிற புஸ்தகம் நின்றுபோகும். அல்போன்சா இப்போதுதான் மருமகள் கதையைக் கேட்கச் சம்மதித்து, நாலைந்து அத்தியாயம் வந்திருந்தது. ரப்பர்த் தூளை வாயால் ஊதினான். இரண்டு தடவை ஊதினான்.

“அந்தம்மா எழுதல சாமி.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“எழுதுனது நானு.”

ஸ்ரீனிவாசராகவன் சிரித்தார். “அவளுக்குப் பரிஞ்சுண்டு வரயாக்கும். எங்கே, எழுது பாப்போம்.” அட்டை போடுகிற பழுப்புத் தாள் ஒன்றை எடுத்துப் போட்டார்.

பவுல்சாமி பென்சிலை வாங்கிக்கொண்டு யோசித்தான். குவியலில் மேலாக இருந்த புஸ்தகம் அவன் போன மாதம் படித்த கல்யாணக் கதை. நாக்கைத் துருத்திக்கொண்டு பெரிய எழுத்தில் எழுதினான்: ‘இந்தக் கதையில் ஆயிரம் பேருக்குச் சமையல் ஆகிறது. விறகு இல்லாமல் எப்படி ஆயிற்று என்று தெரியவில்லை.’

அவர் அதைப் படித்தார். உதட்டோரம் ஒரு தடவை துடித்தது. பிறகு முகம் மாறிவிட்டது.

“எதுக்கு இந்த வேலை உனக்கு?”

“ஈர வெறகுன்னா முன்னாடியே சொல்லிடணும் சாமி. எங்க தொட்டியில அப்டித்தான்.”

“விறகும் நாவலும் ஒண்ணா? உனக்கு ஈரம்னா எல்லாருக்கும் ஈரமா? எங்காத்துக்காரி அழணும்னே தேடித் தேடிப் படிக்கறா. அழற புஸ்தகம்தான் இங்க அலமாரியில நிக்காம ஓடறது. நீ பாட்டுக்கு வாசல்ல நின்னுண்டு, இவ சாவா, அவன் சாவான்னு சொன்னா யார் உள்ள வருவா?”

அழுவதற்கென்றே ஒருவர் படிப்பார் என்று பவுல்சாமி நினைத்துப் பார்த்ததில்லை. புகைகிற விறகைக் கேட்டு வாங்குகிற வீடு மயிலாப்பூரில் எதுவும் அவனுக்குத் தெரியாது. ஆனால் அவர் சொல்லுகிறார், இருக்கலாம்.

“தப்புதான் சாமி. அந்தம்மா அண்ணங்கிட்டச் சொல்லாதீங்க.”

“அவ எழுதலைன்னா நான் ஏன் சொல்லப் போறேன்?” என்றார் அவர். “வீட்டுக்கெல்லாம் புஸ்தகம் நீயே கொண்டு போ, உன்னை விட்டா எனக்கு ஆள் இல்லை. அதுக்குக் கூலி குடுத்துடறேன். ஆனா உனக்குன்னு இனிமே இங்கேருந்து ஒரு புஸ்தகம் கிடையாது. மீதியை அழிச்சுட்டுப் போ.”

அழித்துவிட்டுப் போனான். தாள் எதுவும் கிழியவில்லை.

வீட்டில் சொன்னபோது அல்போன்சா, “அந்த மருமவ கத?” என்று கேட்டாள். “அதயும் வாங்கிகினாரு,” என்றான். அவள் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு, “மாமியாக்காரி மனசு மாறுவான்னுதான் நீ சொல்லிட்டியே, பரவால்ல” என்றாள். அதைச் சொன்ன விதத்தில் பரவாயில்லை என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு புஸ்தகப் பை வண்டியின் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு வந்தது. அவன் அதைப் பிரிக்கவில்லை. வடிவேலுவுக்குத்தான் ரொம்பக் குறை. “இன்னா பவுலு, ஒரு வாரமா யாருமே சாவலியே. ஊரு நல்லா கீது போலக்கீதே,” என்றான்.

அபிராமபுரத்து வீட்டில் விசாலாக்ஷி புஸ்தகத்தைக் கல்லிலிருந்து எடுத்து, முதலில் முன்பக்கத்தைத்தான் பிரித்தாள். வெறும் தாளாக இருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

“அழிச்சுட்டாளா?”

“நான்தாம்மா அழிச்சேன். எழுதுனதும் நான்தான். இனிமே எழுத மாட்டேன். எனக்குப் புஸ்தகம் குடுக்கறது நின்னுபோச்சு.”

அவள் புஸ்தகத்தை மூடினாள். அவனாகவே, “ஊட்ல புள்ள ஜுரத்துல பூட்டா. அது வர்ற கதய எம் பொஞ்சாதியால கேக்க முடியாது. அதான் எழுதினேன்,” என்று சேர்த்துக்கொண்டான். விசாலாக்ஷியின் பேரைச் சொல்லி லைப்ரரிக்காரர் சந்தேகப்பட்டதை அவன் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியம் இருப்பதாகத் தெரியவில்லை.

“அந்த மருமகள் விஷயத்துல நான் தப்புன்னு சொன்னது உங்களைத்தானா?” என்று கேட்டாள் அவள். இதுவரை ‘நீ’ என்று சொன்னவள்.

“நீங்க சொன்னதுதாம்மா சரி.”

சனிக்கிழமை விறகு போட்டுவிட்டுத் திரும்பும்போது, பழைய புஸ்தகம் ஒன்று கல்லின் மேல் இருந்தது. எடுக்கப் போனவனை அவள் தடுத்தாள்.

“அது லைப்ரரிக்கு இன்னிக்கே வேண்டாம். திங்கக்கிழமை குடுத்தா போறும். நான் படிச்சாச்சு. நாளைக்கு ஒரு நாள் உங்காத்துல இருக்கட்டும்.” உள்ளேயிருந்து யாராவது வருகிறார்களா என்று பார்த்துவிட்டுச் சுருக்கமாகச் சொன்னாள்: “குழந்தைக்கு ஜுரம் வரது. பொழைச்சுடும். தைரியமாப் படிங்கோ.”

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து, மத்தி மீன் குழம்பும் சோறும் ஆன பிறகு, பவுல்சாமி புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் வெளிச்சத்தில் உட்கார்ந்தான். முதலில் தனியாகப் படிக்க இந்தத் தடவை நேரமில்லை. அவன் படிக்கிற வேகத்தில், பாதி தாண்டுவதற்குள் பொழுது போய்விடும்.

“ஒரே நாளுதான். நான் படிக்கல. ஆனா இன்னா வருதுன்னு தெரியும். ஒரு புள்ளைக்கு ஜுரம் வருதாம். பொழைச்சிக்குமாம்,” என்றான்.

அல்போன்சா தேங்காய் நாரைக் கையில் வைத்துக்கொண்டு சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். “படிக்காம எப்டி தெரியும்?”

“அபிராமபுரத்து அம்மா சொன்னாங்க.”

“புள்ள பெத்தவளா?”

“இல்ல.”

“அப்ப அவளுக்கு இன்னா தெரியும்?”

பவுல்சாமிக்கு அந்த முறத்தைப் பற்றிச் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. “தெரியும்,” என்றான். “சொன்னா சரியாத்தான் சொல்லும்.”

அவள் சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவன் படிக்க ஆரம்பித்தான்.

அது சாதாரணக் கதை. ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர், அவர் பெண்டாட்டி, ஒரு பெண் குழந்தை. முன்பக்கத்தில் எழுதுவதாக இருந்தால், ரயில் ரொம்ப அதிகம் என்று எழுதியிருப்பான். வெயில் வாசற்படியை விட்டு இறங்கிற்று. பக்கத்துக் குடிசைப் பெண் வந்து நின்று கேட்டுவிட்டுப் போனாள். அல்போன்சா ஒரு தடவை, “அந்த ஸ்டேசன் மாஸ்டரு சும்மாவே கத்திகினு கீறான்” என்றாள். அவனுக்கு அதைக் கேட்க நன்றாக இருந்தது.

பிறகு ஜுரம் வந்தது. அவன் குரல் தானாகவே இறங்கியது. டாக்டர் அடுத்த ரயிலில்தான் வரவேண்டும். தாய் ஈரத் துணியை நெற்றியில் போடுகிறாள், எடுக்கிறாள். அல்போன்சா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பவுல்சாமி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினான். அடுத்த எழுத்து என்ன என்று தெரியாமல் கூட்டுவது இருட்டில் வண்டி தள்ளுகிற மாதிரி. “கு…ழந்…தை…யின்… மூச்…சு… நின்…ற…து…”

அதோடு பக்கம் முடிந்துவிட்டது.

வாய் சொன்னதை அவன் காது அப்போதுதான் கேட்டது. தலையைத் தூக்கி அவளைப் பார்க்கவில்லை. எழுந்து போகிற சத்தத்துக்காகக் காத்திருந்தான். பக்கத்தைத் திருப்பக் கை வரவில்லை.

“திருப்பு,” என்றாள் அல்போன்சா.

அவன் திருப்பினான். கையில் இருந்த காய்ப்பில் மெல்லிய தாள் ஒட்டிக்கொண்டு, இரண்டு பக்கமாகச் சேர்ந்து வந்தது. ஊதிப் பிரித்தான்.

“போ…ல… இருந்…தது,” என்று படித்தான். “மூச்சு நின்றது போல இருந்தது. பிற…கு… குழந்…தை… கண்… விழித்…து… தண்…ணீர்… கேட்…ட…து.”

அல்போன்சா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“பச்சத் தண்ணியா குடுத்தா?”

பவுல்சாமி அடுத்த வரியைத் தேடிக் கூட்டிப் பார்த்தான். “எழுதல.”

“கொதிக்க வெச்ச தண்ணி குடுக்கணும். இவனுங்களுக்கு இன்னா தெரியுது,” என்றாள். “சரி, படி.”